பூசணிக்காய் திருப்பி அடிக்காது

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில் ஒரு சலூன் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒரு பிரியாணிக் கடை, ஒரு டயர் கடை, ஒரு உடற்பயிற்சிக் கூடம். நான்கின் பெயர்ப் பலகையிலும் சிவப்பு உறை மாட்டிய ஒரு முஷ்டி வரைந்திருக்கும். பக்கத்தில் 'சாம்பியன்' என்று எழுதியிருக்கும். அவற்றில் இரண்டை எழுதியது நான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர் வேலை எனக்கு. அந்த முஷ்டியை எத்தனையோ லாரிகளின் பின்கதவில் வரைந்திருக்கிறேன்.

அந்த முஷ்டிக்குச் சொந்தக்காரர் என் மனைவியின் அண்ணன். என் மச்சான். காலையில் எழுந்ததும் ஒரு குண்டாவில் வெந்நீர் வைத்து வலது கையை அதில் ஊறப் போட்டு உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் விரல்கள் கொஞ்சம் மடங்கும். அதற்குப் பிறகுதான் சோற்றைப் பிசைய முடியும். பலகையில் இருக்கும் கையை ஊரெல்லாம் பார்க்கிறது. குண்டாவில் இருக்கும் கையை நானும் என் மனைவியும்தான் பார்த்தோம்.

இப்போதும் இதை நினைத்தால் எனக்கு உடம்பு சூடாகிறது.

மச்சான் ஒரு காலத்தில் கோழித்தீவன மில்லில் மூட்டை தூக்கினார். எங்கள் பக்கத்து ஆட்களில் அவ்வளவு உயரமும் அகலமும் கொண்டவர் வேறு யாரும் இல்லை. வாசலில் குனிந்துதான் நுழைவார். பிறகு முட்டை லாரியில் கிளீனராகச் சென்னைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். வடசென்னையில் முட்டை இறக்கும் மண்டிக்குப் பக்கத்திலேயே குத்துச்சண்டை பழகும் கொட்டகை ஒன்று இருந்ததாம். லாரி காலியாகும் வரை அங்கே போய் வேடிக்கை பார்த்தவர், ஒரு நாள் லாரி திரும்பும்போது ஏறவில்லை. அங்கேயே மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டு பழக ஆரம்பித்துவிட்டார்.

ஹெவிவெயிட் என்பது எடை கூடியவர்களுக்கான பிரிவு. நம் ஊர்களில் அந்த எடைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். மாநிலப் போட்டிக்குப் போனால் மூன்று பேர் பெயர் கொடுத்திருப்பார்கள், இரண்டு பேர்தான் வருவார்கள். சில முறை இறுதிப் போட்டியில் எதிராளி வராமலேயே மச்சான் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். "ஆளில்லாத ஊட்ல அடிச்சு ஜெயிச்சவன்" என்று அப்போது இதே ஊர்தான் கிண்டல் செய்தது.

ஆனால் வடக்கே நடந்த தேசியப் போட்டியில் எதிராளிகள் வந்தார்கள். அவரைவிடப் பெரிய ஆட்கள், பாலும் நெய்யும் தின்று வளர்ந்தவர்கள். அரையிறுதியில் மச்சானுக்கு வலது கை முட்டி எலும்பு விரிசல் விட்டது. யாரிடமும் சொல்லாமல், துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மறுநாள் இறுதிப் போட்டியில் இறங்கி, அதே கையால் அடித்து ஜெயித்தார். இந்தியாவுக்கே சாம்பியன். அந்தக் கை அன்றைக்கே பாதி போய்விட்டது.

அதற்குப் பிறகு அரசு வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவில்லை. கை தேறாததால் போட்டிகளும் நின்றன. மச்சான் ஊருக்குத் திரும்பி அதே தீவன மில்லில் மூட்டைக்குத் தோள் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் முன்னறை அவருக்கு.

ஊரில் ஒருவர்கூட "எம் பையனுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் குடுங்க" என்று கேட்டு வந்ததில்லை. இதை நான் நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அவர் பெயரில் சலூன் உண்டு, பிரியாணி உண்டு. அவர் படத்தைப் போட்டு முட்டை விற்றார்கள். உண்மையில் முட்டை லாரியில் அவருக்குக் கிடைத்தது உடைந்த முட்டைதான். அவர் பார்த்து ஆளாக்கிய ஒரு குத்துச்சண்டைக்காரன்கூட இந்த மாவட்டத்தில் கிடையாது. அவரை அழைத்தது பூசணிக்காய் உடைக்க மட்டும்தான்.

அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். எங்கள் பட்டறையில் புது லாரிக்குப் பாடி கட்டி முடிந்ததும் பூசை போடுவோம். சாம்பல் பூசணிக்காயின் தலையைச் சீவி, உள்ளே குங்குமமும் சுண்ணாம்பும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றி வந்து கீழே போட்டு உடைப்போம். கண்ணேறு கழிந்தது என்று அர்த்தம். ஒரு நாள் மழை பெய்து தரை சேறாக இருந்தது. மேஸ்திரி காயைப் போட்டார். அது உடையாமல் சேற்றில் உருண்டு போய்விட்டது. வண்டிக்காரர் முகம் செத்துப்போனது. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த மச்சான் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

பட்டறை முதலாளி விளையாட்டாகச் சொன்னார். "சாம்பியன், நீங்க ஒரு குத்து உடுங்க. எப்படி ஒடையாமப் போவுதுன்னு பாக்கலாம்."

காயை லாரியின் முன் பம்பர் மேல் தூக்கி வைத்தார்கள். மச்சான் ஒரு குத்துவிட்டார். காய் தூளாகப் பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த லாரி அசாம் வரை போய்ச் சின்னக் கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. அவ்வளவுதான். சாம்பியன் கையால் பூசணி உடைத்தால் வண்டி வாங்க வேண்டிய அடியையெல்லாம் அந்தக் காயே வாங்கிவிடும் என்று பேச்சு பரவியது. எங்கள் பட்டறைக்கு மட்டும் இல்லை, திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிக்காரர்கள்கூடக் கார் அனுப்பி அழைத்துப் போக ஆரம்பித்தார்கள். ஒரு வேட்டி, ஒரு துண்டு, வாழையிலைச் சாப்பாடு.

காயைத் தரையில் வைத்து உடைத்தால் பலன் இல்லை, வண்டி மேலே வைத்து உடைத்தால்தான் வண்டியின் கண்ணேறு போகும் என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லிவிட்டான். அதனால் எப்போதும் பம்பர் மேல்தான். முற்றிய பூசணிக்காயின் தோல் நல்ல கெட்டி. அதை உடைக்க முழுக் கையையும் விட வேண்டும். உடைந்ததும் கை நிற்காது, பின்னால் இருக்கும் இரும்பில் போய் மோதும். இதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு முறை காய் முதல் குத்தில் உடையவில்லை. இரண்டாவது குத்தில்தான் உடைந்தது. அந்த லாரி தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்தது. டிரைவருக்குக் கால் எலும்பு முறிந்தது. லாரிக்காரர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறுதலாகப் பேசத்தான் வருகிறார் என்று நினைத்து என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க மொதக் குத்த மெதுவாக் குத்திட்டீங்க சாம்பியன். அதான்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்க" என்றார். நான் உள்ளறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்குப் புது ஆட்கள் முன்னால் நாக்கு எழாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து மச்சான் முதல் குத்தையே முழுப் பலத்தோடு விட ஆரம்பித்தார். கவிழ்ந்த லாரியின் பாவம் தன் கையில் இருப்பதாக நம்பிவிட்டார்.

போன வருடம் ஆவணியில் கை வீங்கிவிட்டது. சேலத்தில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவர், "என்ன வேலை செய்றாரு?" என்று கேட்டார்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இரும்புல மோதுனா, சோத்தக்கூட இந்தக் கையால அள்ள முடியாது. அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோசனம் இல்லை" என்றார்.

அடுத்த மாதம் ஆயுத பூசை. எங்கள் பட்டறையில் மூன்று புது லாரிகள் அன்றைக்கு வெளியே போக வேண்டும். இரண்டு நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மூன்றாம் நாள் முதலாளியிடம் போனேன். மேஸ்திரியும் வெல்டர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தனியாகப் பேசலாம் என்று நினைத்தேன், வாய்ப்பு அமையவில்லை.

"ஏனுங்க முதலாளி, ஒரு சங்கதிங்க."

"சொல்லுப்பா."

"மச்சானுக்குக் கை செரியில்லீங்க. டாக்டரு சுத்தமா ஆகாதுன்னு சொல்லிட்டாருங்க. இந்தத் தடவ பூசணிக்காயக் கீழ போட்டே ஒடச்சுக்கலாமுங்களா?"

முதலாளி சிரித்தார். "ஏப்பா, எத்தன பேர அடிச்சுச் சாய்ச்ச மனுசன் அவரு. பூசணிக்காய் என்ன, திருப்பியா அடிக்கப் போவுது?"

"திருப்பி அடிச்சாப் புடிச்சுக்கலாமுங்க, நாமதா இத்தன பேரு இருக்கறமே!" என்றார் மேஸ்திரி. வெல்டர்கள் டீயைச் சிந்தச் சிந்தச் சிரித்தார்கள்.

"டாக்டரு சொன்னாருங்க..." என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"டாக்டரு அப்பிடித்தா சொல்லுவாரு. அவரு கார் டயருக்கு அடியில எலுமிச்சங்காய் வெக்காமயா ஓட்றாரு?" என்று சொல்லிவிட்டு, முதலாளி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "நாங் கூப்பிடலீன்னா அந்த மனுசன் மனசு ஒடஞ்சு போயிரும். அதையும் ரோசன பண்ணு."

அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கையை உடைப்பது இவர்கள், மனசு உடையும் என்று கவலைப்படுவதும் இவர்களே.

வீட்டுக்குப் போனால் மச்சான் கேட்டார். "மாப்ள, பூசைக்கு எத்தன வண்டிங்க?"

"மூணுங்க மச்சான். நீங்க போக வேண்டாமுங்க. டாக்டரு சொன்னது மறந்து போச்சுங்களா?"

"மூணுந்தானா?" என்றார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "பூசணிக்காய்கிட்ட வீரத்தக் காட்றதுக்கு இந்தியா சாம்பியன் எதுக்குங்கண்ணா? நானுந்தா அருவாமனையில அரிஞ்சு தள்றேன். எனக்கு எவன் வேட்டி குடுத்தான்?"

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குண்டா நீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "எனக்கு எதுக்க நிக்கறதுக்கு ஆளே கெடச்சதில்லீங்க மாப்ள. பாதி மெடலு, ஆளு வராததுனால வந்தது. இதாச்சும் ஓடாம எதுக்க உக்காந்திருக்குதே. போயிட்டு வந்தர்றனுங்க."

அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு சபையில் நான்கு பேர் சாம்பியன் என்று கூப்பிட வேண்டும் என்பதற்காகத் தன் கையையே காணிக்கை போடுகிற மனுசனை என்னவென்று சொல்ல? இரண்டாவது முறை சொல்லிப் பார்த்தேன். "பாத்துக்கலாமுங்க" என்று படுத்துக்கொண்டார்.

பூசை அன்று காலை முதலாளியின் கார் வந்து நின்றது. மச்சான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மெடலைக் கழுத்தில் போட்டுத் தயாராக இருந்தார். பட்டறையில் நல்ல கூட்டம். லாரிக்காரர்களின் சொந்தபந்தங்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று லாரிகளும் மாலை போட்டு, சந்தனம் பூசி வரிசையாக நின்றன. மூன்றின் பின்கதவிலும் நான் வரைந்த முஷ்டி.

முதல் லாரியின் பம்பரில் காய் உட்கார்ந்தது. கற்பூரம் எரிந்து அணைந்தது. மச்சான் இடது காலை முன்னால் வைத்து, தோளைத் திருப்பி, ஒரே குத்து. காய் சிதறியது. கூட்டம் விசில் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இரும்பு 'டங்' என்றது எனக்குக் கேட்டது. மச்சான் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். முழங்கை வரை சிவப்பாக வழிந்தது. காய்க்குள் இருந்த குங்குமமும் சுண்ணாம்பும் கலந்தால் ரத்தச் சிவப்புதான். எது குங்குமம், எது ரத்தம் என்று யாருக்குத் தெரியும்? அவர் சிரித்தபடி இடது கையைத் தூக்கிக் காட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சுண்டு விரல் தனியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான். "சாம்பியன், செல்லுல செரியா உழுகலீங்க! அடுத்தத மெதுவா, ஸ்டைலாக் குத்துங்க!"

மேஸ்திரி இரண்டாவது காயைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாரியைச் சுற்றி வந்தார். மச்சான் அந்த லாரியின் முன்னால் போய் நின்றார். வலது கையை முன்னால் கொண்டு வந்து முஷ்டி பிடிக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. அவர் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடித்தார். பெருவிரலை மேலே வைத்து அழுத்தினார். அது மறுபடி விரிந்தது. மறுபடி மடித்தார். அத்தனை செல்போனும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்திருப்பார்கள்.

நான் போய் மேஸ்திரி கையிலிருந்த காயைப் பிடுங்கினேன். தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டேன். உடைந்தது. மூன்றாவது காய் மேசை மேல் இருந்தது. அதையும் எடுத்துப் போட்டேன். அதுவும் உடைந்தது. தரையில் போட்டால் பூசணிக்காய் நன்றாகத்தான் உடைகிறது.

முதலாளி வந்தார். "என்னப்பா பண்ற?"

"ஒடச்சுட்டனுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா... நாளைக்கு இந்த வண்டி ரெண்டும் கவுந்தா யாரு பதில் சொல்றது?"

"கவுந்தா ஓட்டறவரு தூங்கியிருப்பாருங்க. இல்லீன்னா பிரேக் புடிச்சிருக்காதுங்க. அவரக் கேளுங்க, பிரேக்கக் கேளுங்க. இந்தக் கையக் கேக்காதீங்க." நிறுத்த முடியவில்லை. கூட்டத்தைப் பார்த்தும் கத்தினேன். "வெரலு தொங்குது, கண்ணு தெரியலீங்களா உங்களுக்கெல்லாம்? செல்ல எறக்கிட்டுப் பாருங்க!"

யாரும் செல்லை இறக்கவில்லை. என் பக்கம் திருப்பினார்கள்.

அப்போது மச்சான் என்னைப் பிடித்துத் தள்ளினார். இடது கையால்தான். நான் லாரி டயரில் போய் மோதி உட்கார்ந்தேன். குத்துச்சண்டை வளையத்துக்கு வெளியே அவர் ஒருவரையும் தொட்டு அடித்ததில்லை. எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை 'ங்க' போடாமல் பேசியதும் இல்லை.

"எவன்டா உன்ன நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். "கை ஒடஞ்சு எறங்குன நாள்லகூட எம் மேட்ச்ச எவனும் நிறுத்துனதில்ல. நீ யாருடா நிறுத்தறதுக்கு?"

அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை பேர் முன்னால் அழுதது. அதையும் எடுத்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எடப்பாடி வரை போய்விட்டது. 'மாப்பிள்ளையைப் புரட்டி எடுத்த சாம்பியன்' என்று தலைப்பு. கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. கை விரல்களை மடிக்க முடியாமல் மடித்த அந்தத் துண்டை மட்டும் யாரும் போடவில்லை.

சேலத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு எலும்பு முறிந்திருந்தது, ஒரு நரம்பும் போய்விட்டது. கட்டுப் போட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் முன்னறைக்குள் போனால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஏதாவது வேண்டுமானால் தங்கச்சியிடம் சொல்வார். நான் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன், வேறு வேலை தெரியாது. அங்கேயும் யாரும் முன் மாதிரிப் பேசவில்லை. இரண்டு லாரிகளும் எங்கேயும் கவிழவில்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தை மாதம் கட்டைப் பிரித்தார்கள். கை மணிக்கட்டிலிருந்து மரக்கட்டை மாதிரி நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மச்சான் எழுந்து உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். முதலாளி நலம் விசாரித்தார், கையைத் தொட்டுப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். பிறகு சொன்னார்:

"மாசியில நம்ம சம்பந்தி ஊட்டு வண்டி ரெண்டு வெளிய போவுதுங்க. உங்க கையாலதா ஆவோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. வலது கை போனா என்னுங்க சாம்பியன், இடது கை நல்லாத்தான இருக்குது?"

மச்சான் தன் இடது கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மெதுவாக முஷ்டி பிடித்தார். அது நன்றாக மூடியது.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று, "அண்ணா" என்றாள்.

நான் ஆப்பிள் பையை எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன். "எந்திரிங்க" என்றேன். "நாளையிலருந்து நான் வேலைக்கு வர்லீங்க. எங்க ஊட்டுக்கு நீங்களும் வர வேண்டாமுங்க. இன்னொரு வண்டிக்காரரு இந்தக் கையக் கேட்டு வந்தா, வாசல்லயே நிறுத்திப் போடுவேன். எல்லாருகிட்டயும் சொல்லீருங்க."

"சாம்பியன், இவரு பேசறதக் கேளுங்க" என்றார் முதலாளி. மச்சான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முஷ்டியை மட்டும் விரித்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். முதலாளி எழுந்து போனார். அவர் கார் தெரு முனை திரும்பும் வரை நான் வாசலிலேயே நின்றேன். திரும்பி மச்சான் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

உள்ளே வந்தபோது என் மனைவி தட்டில் சோறு பிசைந்து வைத்திருந்தாள். மச்சான் இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். இன்னும் பழகவில்லை. வாய்க்குப் போவதற்குள் பாதி வேட்டியில் சிந்தியது. நான் துணியை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்தேன்.

"வெச்சிருங்க மாப்ள" என்றார். "நானே தொடச்சுக்கறேன்."

ஆயுத பூசைக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. துணியை அவர் பக்கத்தில் வைத்தேன். கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு, அந்த இடது கையால் வேட்டியில் கிடந்ததை ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ரொம்ப நேரம் ஆனது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.